படையில் இருந்தது அவர், பதிவேட்டில் இருப்பது கணவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் நிறைவு அணிவகுப்பைத் தமிழ் நாளிதழ்கள் தவறாமல் படத்தோடு வெளியிடுகின்றன. மருத்துவ, செவிலியர் பிரிவுகளுக்கு வெளியே தரைப்படையின் முதல் பெண் அதிகாரிகள் 25 பேரும் 1993 மார்ச்சில் அந்த மைதானத்திலிருந்துதான் பணிக்குப் போனார்கள். அதற்குப் பின் வந்த அணிகளில் பலர் இன்று சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு ஊரில் இருக்கிறார்கள். அணிவகுப்பன்று செய்தியான அவர்கள், பணி முடித்து வந்தபின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவேட்டில் எப்படி இருக்கிறார்கள் என்பது செய்தியாவதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

கணவரும் படையில் இருந்தவர் என்றால், பெரும்பாலும் அந்தப் பெண் கணவரின் கோப்பில் ஒரு வரியாக இருப்பார். 'மனைவி' என்ற இடத்தில் பெயர், பிறந்த தேதி, அவ்வளவுதான். கணவர் படையில் இல்லாதவர் என்றால் பல நேரம் அந்த ஒரு வரிகூட இருக்காது. அலுவலகத்துக்கு ஒரு பெண் போனால் முதலில் கேட்கப்படுவது 'வீட்டுக்காரர் எந்த ரெஜிமெண்ட்?' என்பதுதான். கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் மேசைக்கு வரும் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மனைவியாகவோ கைம்பெண்ணாகவோதான் வருகிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கணவர் அட்டையோடு திரும்பிவிடும் பெண், தனக்குச் சட்டப்படி உள்ள தகுதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

அந்தத் தகுதி என்ன? மத்திய அரசின் 1979-ஆம் ஆண்டு மறுவேலைவாய்ப்பு விதிகளும் அவற்றின் திருத்தங்களும்தான் முன்னாள் படைவீரர் யார் என்று சொல்கின்றன. தரை, கடல், வான் படைகளில் எந்த நிலையில் பணியாற்றியவரானாலும் சரி, போரிடும் பிரிவா இல்லையா என்பதும் பொருட்டல்ல. ஓய்வூதியத்தோடு வந்தவர் முன்னாள் படைவீரர். பணியினால் ஏற்பட்ட உடல்நலக் குறைவால் ஓய்வூதியத்தோடு அனுப்பப்பட்டவரும் அப்படியே. குறிப்பிட்ட ஒப்பந்தக் காலத்தை முடித்துப் பணிக்கொடை பெற்று வந்தவரும் அப்படியே. இந்தக் கடைசி வகைதான் பெண்களுக்கு முக்கியம். குறுகியகாலப் பணியில் இருந்துவிட்டு, ஓய்வூதியம் இல்லாமல் வந்த பெண் அதிகாரியும் முன்னாள் படைவீரரே. 'பென்ஷன் புத்தகம் இல்லையா, அப்படியென்றால் பதிய முடியாது' என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அது தவறு.

அதே விதியில் ஒரு முள்ளும் இருக்கிறது. 'சொந்தக் கோரிக்கையின் பேரில்' விலகியவருக்கு இந்த மூன்றாவது வகை பொருந்தாது. பெண்கள் அதிகம் இடறுவது இங்கேதான். பேறுகாலம் முடிந்து பிள்ளைக்கு ஆறேழு மாதம் ஆகியிருக்கும், கணவருக்கு வேறு மூலைக்கு மாற்றல் வந்திருக்கும், ஒப்பந்தக் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். அப்போது ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சில மாதங்களைப் பேறுகால விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பு, ஆண்டு விடுப்பு என்று ஓட்டி ஒப்பந்தக் காலத்தை முடித்திருந்தால், விடுவிப்பு ஆணையில் 'பணிக்காலம் நிறைவு' என்று வந்திருக்கும். ராஜினாமா செய்ததால் 'சொந்தக் கோரிக்கை' என்று வருகிறது. அந்த ஒரு சொற்றொடர் பிறகு வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டையும் வயதுச் சலுகையையும் பிள்ளைகளின் சலுகையையும் அடைத்துவிடும். பணியில் இருக்கும் பெண்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்: ராஜினாமாவில் கையெழுத்துப் போடுமுன், ஒப்பந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆணை கைக்கு வந்ததும் 'காரணம்' என்ற இடத்தில் என்ன இருக்கிறதென்று படியுங்கள். தவறாக இருந்தால், வளாகத்தை விட்டு வருமுன் திருத்தச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் அதைத் திருத்த ஆண்டுகள் ஆகும்.

ஓய்வூதியம் இல்லாத பெண்கள் இத்தனை பேர் ஏன் என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் பெற 20 ஆண்டு பணி வேண்டும். 1992-இல் கொண்டுவந்த பெண்கள் சிறப்பு நுழைவுத் திட்டத்தில் பணிக்காலமே 5 ஆண்டுதான். அதைப் பத்தாக்கினார்கள், பிறகு 14 ஆக்கினார்கள். 20-ஐத் தொட வழியே வைக்கவில்லை. 2008-இல் சட்டப் பிரிவுக்கும் கல்விப் பிரிவுக்கும் மட்டும் நிரந்தரப் பணி திறந்தது. 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்றுதான் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்து, 14 ஆண்டைத் தாண்டியும் நிரந்தரப் பணி கிடைக்காதவர்கள் 20 ஆண்டு வரை பணியில் தொடரலாம் என்றது. நடுவில் போன பத்தாண்டுகளில் 14 ஆண்டை முடித்து வெறும் பணிக்கொடையோடு வெளியேறிய பெண்கள் நிறையப் பேர். வழக்கு நடத்தியது ஒரு சிலர்தான், மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

உச்ச நீதிமன்றத்தின் 2021 மார்ச் 25 தீர்ப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்கள் எப்படி மதிப்பிடப்பட்டார்கள் என்பதை அது பச்சையாகக் காட்டியது. ஆண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணிக்கான பரிசீலனை ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில் நடக்கும். அந்த வயதில் அவர்களின் உடல்தகுதி பார்க்கப்படும். பெண்களுக்குப் பல ஆண்டு தாமதமாகக் கதவு திறந்தபோது, நாற்பதைத் தாண்டியவர்களிடமும் அதே முதல்நிலை உடல்தகுதியைக் கேட்டார்கள். அவர்களைப் பற்றி மேலதிகாரிகள் எழுதிய பழைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளோ, 'இவருக்கு நிரந்தரப் பணி கிடையாது' என்ற நினைப்போடு எழுதப்பட்டவை. பதவி உயர்வுக்கான பயிற்சிக்குப் பெயர் பரிந்துரைக்காமலே விட்டவை. அவற்றையே மதிப்பெண்ணாக்கினார்கள். பார்வைக்குச் சமமாகத் தெரியும் இந்த அளவுகோல் உண்மையில் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. பின்னால் ஊனமுற்றோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு என்று விண்ணப்பிக்கும் பெண்களும் இதே ஆவணங்களைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

ராணுவச் செவிலியர் பணி தனிக் கதை. முழுக்க முழுக்கப் பெண்களைக் கொண்ட பிரிவு அது. 1888-இல் பம்பாயில் வந்திறங்கிய செவிலியர்களிலிருந்து வளர்ந்து, 1943-ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் கீழ் இன்றைய வடிவம் பெற்றது. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள் அதில் ஏராளம். லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று பதவி உண்டு, தோளில் நட்சத்திரம் உண்டு, போர்முனை மருத்துவமனைகளில் பணி உண்டு. ஆனாலும் ஊரில் 'நர்ஸம்மா' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். ஊர் போகட்டும், அரசுத் தேர்வாணையங்களே 'செவிலியர் பணி படைப்பணி ஆகாது' என்று வாதாடியிருக்கின்றன. பஞ்சாபில் அப்படி மறுக்கப்பட்ட வழக்கில், செவிலியர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவரும் அம்மாநில விதிகளின்படி முன்னாள் படைவீரரே என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. பஞ்சாபின் விதி வேறு, நம் மாநிலத்தின் விதி வேறு என்றாலும், தமிழக அலுவலகங்களில் மறுக்கப்படும் செவிலியர் அதிகாரிகள் அந்தத் தீர்ப்பின் நகலை விண்ணப்பத்தோடு இணைப்பது நல்லது. வாய்ப் பேச்சுக்குக் கிடைக்காத மதிப்பு இணைக்கப்பட்ட தாளுக்குக் கிடைக்கும்.

திருமணம் செய்ததற்காகவே அனுப்பப்பட்ட செவிலியர்களும் இருக்கிறார்கள். 1977-ஆம் ஆண்டின் ராணுவ அறிவுறுத்தல் ஒன்று அதற்கு இடம்கொடுத்தது. 1995 ஆகஸ்டில்தான் அது திரும்பப் பெறப்பட்டது. 1988-இல் அப்படி வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு 60 லட்ச ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டு, அந்த விதியை அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்றது. அன்று அனுப்பப்பட்டவர்களில் இன்றிருப்பவர்கள் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். அவர்களின் பழைய ஆணையில் 'திருமணம்' என்று இருக்கிறதா, 'சொந்தக் கோரிக்கை' என்று இருக்கிறதா என்பதைப் பிள்ளைகளாவது எடுத்துப் பார்க்க வேண்டும். விடுவிக்கப்பட்ட தேதியைப் பொறுத்து முன்னாள் படைவீரர் வரையறையும் மாறும். 1987 ஜூலை 1-க்கு முன் வந்தவர்களுக்குப் பொருந்துவது வேறு வரையறை. இன்றைய விதியைக் காட்டி அவர்களை மறுப்பது முறையல்ல.

இனி பெயர். தமிழ்ப் பெண்களைப் போல் இதில் அலைபவர்கள் வேறு மாநிலத்தில் குறைவு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துத்தான். சேரும்போது அப்பா பெயரின் எழுத்து. 'எஸ். லட்சுமி' என்று படை ஆவணத்தில் ஏறிவிடும். கல்யாணமானதும் வங்கியில் 'ஆர். லட்சுமி'. ஆதாரில் 'லட்சுமி ராமன்'. பான் அட்டையில் முதலெழுத்தை விரித்து 'லட்சுமி சுப்பிரமணியன்'. நான்கும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. படை ஓய்வூதியம் முழுக்க ஸ்பர்ஷ் என்ற இணையதளத்துக்கு மாறியபின், ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று கொடுக்கும்போது இந்தப் பொருத்தமின்மை தலைகாட்டுகிறது. ஓய்வூதியம் நின்றபிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

பணியில் இருக்கும்போது இதைச் சரிசெய்வது எளிது. திருமணம், குழந்தைப் பிறப்பு, பெயர் மாற்றம், வாரிசு நியமனம் எல்லாவற்றையும் யூனிட் அலுவலகம் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற தினசரி ஆணையில் வெளியிட வேண்டும். அதில் வராத எதுவும் படையின் பார்வையில் நடக்கவே இல்லை. திருமணப் பத்திரிகையைக் கமாண்டிங் ஆபிசருக்குக் கொடுத்து, மெஸ்ஸில் விருந்தும் வைத்துவிட்டால் பதிவாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகாது. சார்பதிவாளர் தந்த திருமணச் சான்றின் நகலோடு விண்ணப்பம் கொடுத்து, ஆணை எண்ணும் தேதியும் குறித்து, அந்த ஆணையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் அப்படியே. கணவரின் பெயர் அதில் ஏறாவிட்டால், அந்தப் பெண் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவர் படும் பாடு சொல்லி மாளாது. கைம்பெண்ணுக்கென்று பழகிப்போன அலுவலக நடைமுறையில், மனைவியை இழந்த ஆண் ஒருவர் வந்து நின்றால் எந்தப் படிவத்தை நீட்டுவது என்றே மேசையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

வெளியே வந்தவர்கள் செய்ய வேண்டியது சற்று நீளம். பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழி ஆவணம், திருமணச் சான்று, ஆதார், வங்கிப் புத்தக முதல் பக்கம் இவற்றைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். படை ஆவணத்தில் இருக்கும் பெயருக்கு ஆதாரை மாற்றுவதா, ஆதாருக்கேற்பப் படை ஆவணத்தை மாற்றுவதா என்று கேட்கிறார்கள். முதலாவதே விரைவில் முடியும் என்பது எங்கள் கருத்து. ஆனால் பாஸ்போர்ட்டும் சொத்துப் பத்திரங்களும் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயரில் இருந்தால் இரண்டாவதைத் தவிர வழியில்லை.

இன்னொரு சிறு விஷயம் பெரிய அலைச்சலாகிறது. சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை கையில் டிஸ்சார்ஜ் புத்தகம் கொடுத்து அனுப்புவார்கள். அதிகாரிகளுக்கு அப்படிப் புத்தகம் கிடையாது. விடுவிப்பு ஆணை, பணிச் சான்று, ஓய்வூதியம் உண்டென்றால் அதன் ஆணை, இவைதான். அண்மைக்காலம் வரை படையில் இருந்த பெண்கள் எல்லோருமே அதிகாரிகள். 'டிஸ்சார்ஜ் புக் கொண்டாங்கம்மா' என்று அவர்களிடம் கேட்பது இல்லாத ஒன்றைக் கேட்பது.

உடல்நலம் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சியில் பாரம் சுமந்து ஓடும்போது காலெலும்பிலும் இடுப்பெலும்பிலும் வரும் அழுத்த முறிவு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்பது பல நாட்டுப் படைகளின் மருத்துவர்களும் அறிந்தது. செவிலியர்களுக்கு நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகுத்தண்டு வலி, நின்று நின்று நரம்புச் சுருட்டல், ஊசி குத்திய காயத்தால் தொற்று. பெண்கள் இதையெல்லாம் மருத்துவ அறைக்குக் கொண்டுபோவதில்லை. 'பொம்பளை என்றால் இப்படித்தான்' என்ற பேச்சு வரும் என்று பயந்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு அணிவகுப்பில் நிற்கிறார்கள். பதிவில் இல்லாத வலிக்குப் பின்னால் நிவாரணம் இல்லை. காயம் பட்டால் 'ஐ.ஏ.எஃப்.ஒய். 2006' என்ற காய அறிக்கைப் படிவத்தை அப்போதே நிரப்பச் சொல்ல வேண்டும். எங்கே, எந்தப் பணியில், யார் பார்த்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். விடுவிப்பின்போது மருத்துவ வாரியம் 'ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16' படிவத்தில் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதும்: பணியினால் வந்ததா, பணியினால் அதிகமானதா. இரண்டுக்கும் 'இல்லை' என்று விழுந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் இல்லை. குறைபாடு 20 விழுக்காட்டுக்குக் கீழே போனாலும் இல்லை.

வீட்டுக்குப் போகும் அவசரத்தில் 'ஒரு குறையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் நிறைய. அப்படிச் செய்யாதீர்கள். வாரிய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மறுப்பு வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது, அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது, டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை.

பதிவு செய்வதால் என்ன கிடைக்கும் என்று சலிப்போடு கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டைச் சொல்கிறோம். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு முன்னாள் படைவீரருக்கு. ஐந்தாண்டு பணி முடித்த குறுகியகால அதிகாரிகளுக்கு ஏ, பி பிரிவுத் தேர்வுகளில் ஐந்தாண்டு வயதுத் தளர்வு. முன்பு ஓய்வூதியர்களுக்கு மட்டும் இருந்த இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம், ஒருமுறை பங்களிப்புச் செலுத்தும் குறுகியகால அதிகாரிகளுக்கும் 2019 முதல் திறந்திருக்கிறது. இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. பொறியியல் கலந்தாய்வில் பிள்ளைகளுக்கான சிறப்பு ஒதுக்கீட்டுக்கு அம்மாவின் படைப்பணியும் செல்லும், அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. 14 ஆண்டு பணி முடித்து நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் அரசிடம் வேறு இல்லை. எதற்கும் முதல் படி, அவர் பெயரில் ஒரு முன்னாள் படைவீரர் அட்டை.

சிப்பாய் நிலையிலும் இப்போது பெண்கள் வந்துவிட்டார்கள். ராணுவ போலீஸ் பிரிவின் முதல் பெண்கள் அணி, 83 பேர், 2021 மே 8 அன்று பெங்களூரில் பயிற்சி முடித்தது. அவர்களுக்கு 15 ஆண்டில் ஓய்வூதியம் உண்டு. அதற்குப் பின் அக்னிவீர்களாகச் சேர்ந்த பெண்களுக்கு நிலைமை வேறு. நான்கு ஆண்டு முடிந்ததும், தொடர்ந்து பணியாற்றத் தேர்வாகும் 25 விழுக்காடு வரையிலானோரைத் தவிர மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்ச ரூபாய் சேவா நிதியோடு அனுப்பப்படுவார்கள். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் திட்டப்படி இல்லை. கடற்படையின் முதல் அக்னிவீர் அணியில் மட்டும் 273 பெண்கள். அவர்களைப் பதிவதற்கு மாநில அரசு ஒரு தனி ஏட்டையாவது இப்போதே திறக்க வேண்டும். 22, 23 வயதில் வேலை தேடி நிற்கப்போகும் பெண்களை எண்ணிக்கூட வைக்காமல் எந்த உதவியையும் திட்டமிட முடியாது.

முன்னாள் படைவீரர் நலத்துறை இயக்குநரிடம் நாங்கள் வேண்டுவது அதிகமில்லை. விண்ணப்பப் படிவங்களில் 'மனைவி', 'கைம்பெண்' என்று மட்டும் இருக்கும் இடங்களை 'வாழ்க்கைத் துணை' என்று மாற்றுங்கள். கணவரும் மனைவியும் படையில் இருந்தவர்களானால் இருவருக்கும் தனித்தனிப் பதிவெண் கொடுங்கள். ஏற்கெனவே கணவர் கோப்பில் இருக்கும் பெண்களில் யாரெல்லாம் தாமே பணியாற்றியவர்கள் என்று மாவட்டந்தோறும் ஒருமுறை சரிபாருங்கள். படை எண் உண்டா என்ற ஒரே கேள்வி போதும். அதிகாரிகளிடமும் செவிலியர் அதிகாரிகளிடமும் எந்தெந்த ஆவணம் கேட்க வேண்டும் என்ற பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

படைப்பணி முடித்த பெண்களுக்கு: ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர் கூட்டத்தின் தேதியை மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்து, விடுவிப்பு ஆணை, பணிச் சான்று, ஆதார், திருமணச் சான்று, நான்கு புகைப்படம் இவற்றோடு நேரில் போங்கள். மனுவை இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தகுதி இல்லை என்று சொன்னால், எந்த விதியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். கூட்ட அறிவிப்பு வரும்போது, 'பணியாற்றிய பெண்களும் தம் பெயரிலேயே மனு அளிக்கலாம்' என்ற ஒரு வரியைச் சேர்த்து வெளியிடும்படி ஆசிரியர் அவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படைப்பணி நிறைவுசெய்த பெண்கள் சிலர்,
வேலூர் மாவட்டம்.